மாதம் ஓர் இலை: மீன் தொட்டியில் மெதுவாக வளரும் செடிகள்

மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. கடையில் பச்சைப்பசேலென்று நின்ற செடியை ஆசையாக வாங்கி வந்து நட்டேன், பத்தே நாளில் இலையெல்லாம் உதிர்ந்து தண்ணீரும் கலங்கிப் போனது, இனிமேல் பிளாஸ்டிக் செடிதான் என்பார்கள். என் முதல் தொட்டியிலும் அதுதான் நடந்தது. பஞ்சு போல மெல்லிய இலை கொண்ட கபோம்பாவை ஒரு கட்டு வாங்கி மணலில் ஊன்றி வைத்தேன். இரண்டு வாரத்தில் வெறும் தண்டுதான் மிச்சம். ஆனால் அதே தண்ணீரில், அதே விளக்கின் கீழே, ஒரு கல்லில் நூலால் கட்டி வைத்திருந்த அனுபியாஸ் அசையாமல் அப்படியே இருந்தது. சாகவும் இல்லை, வளர்ந்த மாதிரியும் தெரியவில்லை. மாதக் கடைசியில் பார்த்தால் நடுவில் சுருட்டி வைத்த பாய் போல ஒரு புது இலை.

ஒரே தொட்டியில் ஒரு செடி செத்து, இன்னொன்று பிழைத்தது ஏன்? இதற்கு விடை புரிந்துவிட்டால் போதும், எந்தச் செடியை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

செடிக்கு ஒளி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்குள் இருக்கும் செடிக்கு உண்மையான தட்டுப்பாடு ஒளியில் இல்லை, கார்பன் டை ஆக்சைடில் இருக்கிறது. காற்றில் இந்த வாயு நகர்வதைப் போல நீரில் நகர முடியாது. நீருக்குள் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. காற்றோடு சமநிலையில் இருக்கும் சாதாரணத் தண்ணீரில் அது கரைந்திருக்கும் அளவும் சொற்பம்தான், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. மீன்கள் மூச்சு விடுவதால் தொட்டியில் கொஞ்சம் கூடலாம், அவ்வளவே. சிலிண்டர் வைத்து வாயுவைக் குமிழ் குமிழாக விட்டுச் செடி வளர்ப்பவர்கள் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டு போகப் பார்ப்பார்கள். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும். ஒளி அடுப்பு நெருப்பு என்றால், கார்பன் டை ஆக்சைடு உலையில் போடும் அரிசி. பானையில் ஒரு பிடி அரிசிதான் இருக்கிறது. நெருப்பை எவ்வளவு கூட்டினாலும் ஒரு பிடி சோறுதான் வரும், மிச்ச நெருப்பெல்லாம் வீண். வீணாகப் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிடவும் முடியாது. செடி பயன்படுத்தாத ஒளியையும் சத்தையும் பாசி பிடித்துக்கொள்ளும். செடி வளரவில்லையே என்று விளக்கை மாற்றிப் பெரிதாகப் போட்ட தொட்டிகளில்தான் முதலில் பாசி ஏறும்.

வேகமாக வளரும் செடிகளுக்குச் செலவு அதிகம். பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் புனலுக்கு அடியில் வைத்து, ஆக்சிஜன் குமிழ் வருவதைக் காட்டினார்களே, அந்த ஹைட்ரில்லாவை நினைத்துப் பாருங்கள். மெல்லிய இலை, நீளும் தண்டு, நாளுக்கு நாள் வளர்ச்சி. அப்படிப்பட்ட செடியில் பழைய இலைகள் சீக்கிரம் கழிந்து புது இலைகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். வரவு நின்றால் தன்னையே தின்று கரைந்துவிடும். ஹைட்ரில்லா முரட்டுச் செடி, எதையும் தாங்கும். ஆனால் கடையில் அழகாகத் தெரியும் சிவப்புத் தண்டுச் செடிகளும் கபோம்பாவும் அப்படியல்ல.

அனுபியாஸ் போன்றவை வேறு வகைக் குடித்தனம் நடத்துகின்றன. தடித்த, தோல் போன்ற இலை. அதைச் செய்யச் செடிக்குச் செலவு அதிகம், ஆனால் செய்த இலை ஒரு வருடத்துக்கு மேலும் உழைக்கும். சுவாசத்தில் செலவாவதும் குறைவு. அதனால் நிழலில் கிடைக்கும் கொஞ்ச ஒளியும், தண்ணீரில் இருக்கும் கொஞ்ச கார்பனும் அதற்குப் போதும். காட்டில் இவை பெரிய மரங்களின் நிழலில், ஓடை ஓரத்துப் பாறைகளில் வாழ்பவை. நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் பற்றாக்குறை அவற்றுக்குப் பழகிய வாழ்க்கை. மெதுவாக வளர்வதை நான் ஒரு குறையாகப் பார்ப்பதில்லை. சாதாரணத் தொட்டியின் வரவுக்கு ஏற்ற செலவு அது.

சரி, செடிகளுக்கு வருவோம்.

அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வளரும் செடி. கடைகளில் அதிகம் கிடைப்பது நானா என்ற குட்டை வகை. அதைவிடச் சிறியது பெட்டிட், அதன் இலை சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இது நம் சேம்பு, சேனைக்கிழங்கு குடும்பத்தைச் சேர்ந்தது. சேப்பங்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதல்லவா? அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் அனுபியாஸிலும் உண்டு. செடி தின்னும் மீன்கள் பெரும்பாலும் இதைத் தொடாமல் விடுவதற்குத் தடித்த இலையோடு இதுவும் ஒரு காரணம். தங்க மீன் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செடியைத்தான்.

அனுபியாஸை வாங்கியதும் அதன் அடியைப் பாருங்கள். இஞ்சி போலக் கிடையாக ஒரு தடித்த தண்டு இருக்கும். பாடப் புத்தகத்தில் மட்டநிலத்தண்டு என்பார்களே, அதுதான். கடைக்காரர்கள் ரைசோம் என்பார்கள். அதிலிருந்து மேலே இலையும் கீழே வேரும் வரும். இந்தத் தண்டை மணலுக்குள் புதைக்கவே கூடாது. இஞ்சியும் மஞ்சளும் மண்ணுக்குள் இருக்கின்றனவே என்று நினைத்து நான் ஒருமுறை வாங்கிய ஒன்றை நன்றாகப் புதைத்து வைத்தேன். மூன்று வாரம் கழித்து இலைகள் ஒவ்வொன்றாக அடியோடு கழன்று மிதந்தன. தோண்டிப் பார்த்தால் தண்டு கொழகொழவென்று நாற்றமெடுத்திருந்தது. புதைத்தால் தண்டு மூச்சு முட்டி அழுகிவிடும். வேர் மணலுக்குள் போகலாம், தண்டு மட்டும் வெளியே இருக்க வேண்டும்.

அதைவிட நல்ல வழி கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டிவிடுவது. சாதாரணப் பருத்தித் தையல் நூல் போதும். சில வாரங்களில் நூல் தண்ணீரில் இற்றுப்போகும், அதற்குள் வேர் கல்லைப் பற்றிக்கொள்ளும். பற்றுவதற்கு இன்னும் நாள் எடுக்கும் என்று தோன்றினால் தூண்டில் நரம்பால் கட்டலாம். சூப்பர் குளூவும் ஆகும். சயனோஅக்ரிலேட் வகைப் பசை தண்ணீர் பட்டால் உடனே இறுகிவிடும், இறுகியபின் மீனுக்குத் தீங்கில்லை. ஒட்டிய இடம் வெள்ளையாகத் தெரியும், கொஞ்ச நாளில் அதன் மேல் பாசி படிந்து மறைந்துவிடும். கருங்கல்லில் ஒட்டினால் கவலை இல்லை. பளிங்கு, சுண்ணாம்புக்கல் போன்றவை தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றும், அவற்றைத் தவிர்க்கலாம்.

ஜாவா பெரணியையும் இதே மாதிரிதான் கட்ட வேண்டும், புதைக்கக் கூடாது. ஜாவா என்ற பெயர் இருந்தாலும் வடகிழக்கு இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியத் தீவுகள் வரை பல இடங்களில் ஓடையோரப் பாறைகளில் வளர்கிறது. பூவோ விதையோ இல்லாத பெரணி. முதிர்ந்த இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் நோய் என்று பயந்து வெட்டிவிடாதீர்கள். அவை வித்துக்கள் உருவாகும் இடங்கள். சில இலைகளின் நுனியில் தலைமுடி போன்ற கருப்பு வேர்களோடு குட்டிச் செடியே முளைக்கும். அதை இரண்டு மூன்று இலை வரும்வரை அப்படியே விட்டு, பிறகு கிள்ளி இன்னொரு கல்லில் கட்டலாம். ஒரு செடி வாங்கினால் இரண்டு வருடத்தில் பத்துச் செடி ஆகிவிடும், காசு கொடுத்து இரண்டாவது வாங்கத் தேவையே இல்லை.

என் அனுபவத்தில் ஜாவா பெரணிக்கு ஒரு சங்கடம் உண்டு, வெயில். சென்னைக் கோடையில் மூடி போட்ட தொட்டியின் நீர் 32 டிகிரியைத் தொடும்போது இதன் இலைகள் கருக்கத் தொடங்கும். அனுபியாஸ் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் தொட்டியின் மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். ஆவியாகிப் போகும் தண்ணீரை அவ்வப்போது ஊற்றி நிரப்ப மறக்கக் கூடாது.

அப்புறம், எனக்கு மிகப் பிடித்த கிரிப்டோகோரைன், சுருக்கமாகக் கிரிப்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் பக்கத்துச் செடி. தொட்டிச் செடியாக உலகெங்கும் விற்கும் கிரிப்டுகளில் முக்கியமான பல இனங்கள் இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. வெண்டி, பெக்கெட்டி, வாக்கரி, பார்வா எல்லாம் அந்தத் தீவின் ஓடைகளிலிருந்து வந்தவை. துவைட்சி என்ற இனத்தின் பெயர், 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்த துவைட்ஸ் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. தென்னிந்தியாவின் ஆற்றோரங்களிலும் ஸ்பைராலிஸ், ரெட்ரோஸ்பைராலிஸ் போன்ற இனங்கள் உண்டு. கிரிப்டோகோரைன் என்ற கிரேக்கப் பெயருக்கு மறைந்திருக்கும் கதாயுதம் என்று பொருள் சொல்லலாம். சேப்பங்கிழங்குப் பூவில் மடலுக்கு நடுவே நிற்கும் தண்டைப் பார்த்திருப்பீர்கள். கிரிப்டின் பூவில் அந்தத் தண்டு, மடல் சுருண்ட குழாய்க்குள் ஒளிந்திருக்கும். இதுவும் சேம்புக் குடும்பம்தான்.

கிரிப்டை மணலில்தான் நட வேண்டும். வேர் நன்றாக ஆழம் போகும், அதனால் இரண்டு அங்குலமாவது மணல் வேண்டும். வேரை உள்ளே விட்டு, இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மணலுக்கு மேலே தெரிகிற மாதிரி நடுங்கள். வெறும் ஆற்று மணல் என்றால் அதில் சத்து கிடையாது. செடிக்கு ஒன்றாக, வேர் உர வில்லை ஒன்றை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வேருக்குப் பக்கத்தில் புதைத்தால் போதும்.

இனி, கிரிப்ட் வாங்கியவர்கள் எல்லோரையும் ஒருமுறையாவது கலங்கடிக்கும் விஷயம். நட்ட ஒரு வாரத்தில் இலைகள் கண்ணாடி போலாகி, கூழாகி, கரைந்துவிடும். ஒன்றிரண்டு இலை இல்லை, சில சமயம் மொத்தச் செடியும். மீன் வளர்ப்பவர்கள் இதை மெல்ட் என்கிறார்கள். நான் முதன்முதலில் இதைப் பார்த்தபோது செடி செத்துவிட்டது என்று எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். பிடுங்கும்போது வேர் வெள்ளையாக, திடமாக இருந்ததைக் கண்ணால் பார்த்தும் அதன் பொருள் எனக்குப் புரியவில்லை. அந்தச் செடிகளை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அவை உயிரோடு இருந்தன.

நடப்பது இதுதான். பெரும்பாலான பண்ணைகளில் கிரிப்டையும் அனுபியாஸையும் தண்ணீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அங்கே கார்பன் டை ஆக்சைடு தாராளம், பாசித் தொல்லை இல்லை, செடி விரைவாகப் பெருகும். அந்த இலை காற்றுக்கென்று செய்யப்பட்ட இலை. வீட்டுக்குக் கொண்டு வந்து முழுக்க முக்கினால் அதற்கு வேலை இல்லை. தடித்த இலை கொண்ட அனுபியாஸ் பழைய இலையை வைத்தே சமாளித்துக்கொள்ளும். கிரிப்ட் அதைக் கரைத்துவிட்டு, நீருக்கேற்ற புது இலைகளை வேரிலிருந்து செய்யத் தொடங்குகிறது. ஓடையில் அது வாழும் இடத்தில் மழைக்காலத்தில் நீர் ஏறும், வறண்ட காலத்தில் இறங்கும். ஒரு பருவத்து இலையை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு மாறுவது அதற்குப் புதிதல்ல. தொட்டியிலும் அப்படியே. இடம் மாற்றினால், விளக்கை மாற்றினால், தண்ணீர் திடீரென்று சூடானால் மறுபடியும் கரையும்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கரைந்த இலையைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். வேரைத் தொடாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் மணலிலிருந்து சிறு முளைகள் தெரியும். புதிதாக வரும் இலை வாங்கியபோது இருந்த இலை மாதிரியே இருக்காது, நீளமாகவோ பழுப்பாகவோ அலை அலையாகவோ இருக்கலாம். அதுதான் உங்கள் தொட்டிக்கென்று வந்த இலை. அதன்பிறகு இடம் மாற்றாமல் விட்டால் மணலுக்கு அடியில் ஓடுதண்டு விட்டு, ஆண்டுக்கணக்கில் பரவும்.

இவை தவிர ஜாவா பாசியைச் சொல்லலாம். இது கடையில் ஜாவா மாஸ் என்று விற்கும் செடி, தொல்லை தரும் பாசி வேறு. கொத்தாகக் கல்லில் கட்டினால் போதும், இறால் குஞ்சுகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் ஒளிய இடமாகும். போர்னியோ ஓடைகளிலிருந்து வந்த புசெபலாண்ட்ராவும் அனுபியாஸ் போலத்தான், ஆனால் விலை அதிகம். முதல் தொட்டிக்கு அவசரமில்லை.

செடியைவிட அதிகம் யோசிக்க வேண்டியது விளக்கைப் பற்றி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஏறத்தாழ 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதற்குச் சாதாரண 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று தாராளம். ஒரு நாளைக்கு ஆறிலிருந்து ஏழு மணி நேரம் எரிந்தால் போதும். டைமர் பிளக் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். தொட்டிக்குச் செய்யும் செலவில் இதைவிட உருப்படியானது எதுவும் இல்லை என்பேன். கையால் போட்டு அணைத்தால் ஒரு நாள் ஐந்து மணி நேரம், மறுநாள் பன்னிரண்டு மணி நேரம் என்று போகும், பாசிக்கு அது போதும். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைக்கவே வேண்டாம்.

மெதுவாக வளரும் செடியின் இலை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இருப்பதால் பாசிக்கு அது நிலையான குடியிருப்பு. வேகமாக வளரும் செடி பாசி பிடித்த இலையை உதிர்த்துவிட்டுப் போய்விடும், அனுபியாஸால் முடியாது. இலை ஓரத்தில் கருப்பாகத் தாடி போலத் தொங்கும் பாசியோ, இலை மேல் பச்சைப் புள்ளிகளோ வந்தால் ஒளி அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து தேட வேண்டாம். மோசமான இலைகளை அடியோடு வெட்டி, விளக்கு நேரத்தில் ஒரு மணி நேரம் குறைத்து, செடியைக் கொஞ்சம் நிழலான பக்கம் நகர்த்துங்கள். கிரிப்டை மட்டும் நகர்த்தாதீர்கள், அதற்கு மேலே கொஞ்சம் மிதக்கும் செடியைப் போட்டு நிழல் கொடுங்கள். மிதக்கும் செடி காற்றிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்வதால் வேகமாக வளர்ந்து, தண்ணீரில் மிஞ்சும் சத்தையும் உறிஞ்சிவிடும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். செடி இருந்தால் தண்ணீர் மாற்ற வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அடர்ந்து வளரும் வேகமான செடிகள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் நன்றாகவே எடுக்கும். மாதம் ஓர் இலை விடும் செடி எவ்வளவு எடுத்துவிடும்? ஆகவே வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். புதுத் தொட்டி என்றால் கழிவை மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் பெருகும்வரை மீனைக் குறைவாக விடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஓரளவு கடினமாக இருந்தாலும் இந்தச் செடிகள் தாங்கிக்கொள்ளும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டிப் போனால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து பயன்படுத்துவது நல்லது. உரம்? மீனுக்குப் போடும் தீனியிலிருந்தே நைட்ரஜனும் பாஸ்பரஸும் வந்துவிடும். புது இலை வெளிறி வந்தால் மட்டும் இரும்புச் சத்துள்ள திரவ உரத்தைப் பாட்டிலில் சொன்ன அளவில் பாதி போடுங்கள்.

வாங்கும்போது இலையின் அழகைப் பார்ப்பதைவிட, தண்டை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அனுபியாஸ் தண்டு இஞ்சி போலக் கெட்டியாக இருக்க வேண்டும். எங்கேயாவது மெத்தென்று அமுங்கினாலோ வாடை வந்தாலோ வேண்டாம். சென்னையில் கொளத்தூர் பக்கம் போனால் வரிசையாகக் கடைகள் இருப்பதால் நாலு இடம் பார்த்து எடுக்கலாம். பண்ணையில் வளர்த்த செடிதானா என்று கிரிப்ட் வாங்கும்போது கேளுங்கள். இலங்கை இனங்களில் சில மிகக் குறைந்த ஓடைகளில்தான் மிஞ்சியிருக்கின்றன, அங்கிருந்து பிடுங்கி வந்த செடி நம் தொட்டிக்கு வேண்டாம்.

அதேபோல வெட்டிக் கழித்த செடியை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். அழகுக்குக் கொண்டு வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இலங்கையின் சாதுவான கிரிப்ட் பெக்கெட்டிகூட, அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் சான் மார்க்கோஸ் ஆற்றில் பரவி, அதைப் பிடுங்கி எடுக்க ஆள் விட வேண்டியதாயிற்று. வெயிலில் நன்றாகக் காய வைத்து, பிறகு குப்பையில் போடுங்கள்.

ஒன்றரை, இரண்டு வருடத்தில் அனுபியாஸ் தண்டு விரல் நீளத்துக்கு வந்துவிடும். அப்போது கூர்மையான, சுத்தமான பிளேடால் அதை நறுக்கலாம், ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு இலையும் கொஞ்சம் வேரும் இருக்கிற மாதிரி. வெட்டுப்பட்ட பின்பக்கத்தில் சில வாரங்களில் புதிதாக ஒரு முளை கிளம்பும். என் முதல் செடியின் துண்டுகள் இப்போது நான்கு வீடுகளில் இருக்கின்றன. அதில் ஒன்று, பிளாஸ்டிக் செடிதான் என்று முடிவு செய்திருந்த நண்பரின் தொட்டியில், கல்லோடு கட்டி நான் கொடுத்தது. போன வாரம் போனபோது அதில் மூன்றாவது புது இலை பாதி விரிந்திருந்தது.